டி.பி. என்று எழுதிய நாலு கேசட்: எது எந்த டீப் பர்ப்பிள்?

சிரியம் மருமகன் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். இது பழைய சினிமாப் பாட்டுக் கேள்வி இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டீப் பர்ப்பிள் என்ற ராக் குழுவைப் பற்றியது. ராக் கேட்கிறவர்கள் இங்கே யாராவது இருந்தால் கை கொடுங்கள்.

யாங்கோன் பக்கத்துத் தன்லியினில் (எங்கள் வீட்டில் இன்னும் சிரியம்தான்) தாய்மாமா வீட்டைக் காலி செய்துகொண்டிருக்கிறோம். பரணில் ஒரு பிஸ்கட் தகர டப்பா, அதற்குள் 11 கேசட். ஏழு நம் பாட்டு, டி.எம்.எஸ்., சுசீலா, சீர்காழி என்று. மீதி நாலில் மாமா கையெழுத்தில் "டி.பி." என்று மட்டும் எழுதி, பக்கத்தில் பர்மிய எண்ணில் ஒன்று முதல் நாலு வரை போட்டிருக்கிறது. அட்டையும் இல்லை, பாட்டின் பெயரும் இல்லை. மாமாவுக்கு 74 வயது, காது மந்தம். போனில் கத்திக் கேட்டதற்கு "டீப் பர்ப்பிள்டா, அதுகூடத் தெரியாதா" என்று வைத்துவிட்டார்.

சரி, கேட்டுப் பார்ப்போம் என்று அவருடைய பழைய டூ-இன்-ஒன்னில் போட்டேன். கரண்ட் வருகிற நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக நாலு நாள் ஆனது. என் குழப்பம் இதுதான்: நாலும் ஒரே குழு மாதிரியே இல்லை.

முதல் கேசட்டில் பாடுகிறவர் குரல் இதமாக, கல்யாண வரவேற்பில் பாடுகிறவர் மாதிரி இருக்கிறது. ஒரு பாட்டில் "நா நா நா நா" என்று கூட்டமாகப் பாடுகிறார்கள், அது மனதில் ஒட்டிக்கொண்டுவிட்டது. இரண்டாவது மேடைக் கச்சேரி. வேறொருவர் பாடுகிறார். மெதுவாக ஆரம்பித்து, போகப் போக வீல் வீலென்று கத்துகிறார், என் பொண்ணு பயந்து சமையலறைக்கு ஓடிவிட்டாள். இன்னொரு பாட்டில் கிட்டார் ஒரு வரி வாசிக்க, இவர் அதையே தொண்டையில் திருப்பிச் சொல்கிறார். கோயில் திருவிழாவில் இரண்டு நாதஸ்வரம் ஒன்றுக்கொன்று பதில் சொல்லுமே, அப்படி. கடைசிப் பாட்டு மட்டும் 20 நிமிடம் ஓடுகிறது. மூன்றாவதில் குரல் தடிப்பு, பாதாளத்திலிருந்து வருகிறது, நடுநடுவே இன்னொருவர் பெண் குரலோ என்று நினைக்கும்படி உச்சத்தில் பாடுகிறார். நாலாவதில் டிரம் தனியாக உருண்டு வந்து பாட்டு ஆரம்பிக்கிறது, பின்னால் வயலின் கூட்டம், பாடுகிறவர் ராஜா வேஷம் கட்டியவர் மாதிரி முழங்குகிறார். அந்தப் பக்கத்தில் இரண்டே பாட்டு, இரண்டும் நீளம். மறுபக்கம் போட்டால் வெறும் இரைச்சல், நிறுத்திவிட்டேன்.

இது ஒரே குழுவா? ஆள் மாறினார்களா, இல்லை மாமா கலந்துகட்டிப் பதிந்தாரா? மூன்றாவது கேசட்டில் அந்தத் தடித்த குரல் நிஜமா, மெஷின் மெதுவாக ஓடுகிறதா என்றும் சந்தேகம்.


மோகல் தெரு கிழவன் எழுதியது:

தம்பி, மாமா சொன்னது முக்கால்வாசி சரி. முதல் மூன்றும் டீப் பர்ப்பிள்தான். நாலாவதைக் கடைசியில் சொல்கிறேன், பொறு.

நம் பக்கத்தில் மேளக்காரர் செட்டு இருக்கிறதல்லவா, பெரியவர் பெயரில் செட்டு ஓடும், தவில்காரர் மாறுவார், ஒத்து மாறுவார், ஒரு நாள் பெரியவரே வர மாட்டார், ஆனால் பத்திரிகையில் பெயர் மட்டும் அதே பெயர். டீப் பர்ப்பிள் கதையும் அதுதான். 1968 இல் இங்கிலாந்தில் ஹெர்ட்ஃபோர்டு பக்கம் ஆரம்பித்தார்கள். முதலில் வைத்த பெயர் ரவுண்டபவுட். யார் வேண்டுமானாலும் ஏறலாம் இறங்கலாம் என்கிற ராட்டினம். அந்த யோசனையைக் கொண்டுவந்த கிறிஸ் கர்டிஸ் என்பவர்தான் முதலில் இறங்கியது. அப்புறம் கிட்டார்காரர் ரிச்சி பிளாக்மோரின் பாட்டிக்குப் பிடித்த ஒரு பழைய பாட்டின் பெயரை எடுத்துக் குழுவுக்கு வைத்தார்கள்.

ரசிகர்கள் ஆள் மாறுகிற ஒவ்வொரு தடவைக்கும் எண் போட்டு மார்க் ஒன்று, மார்க் இரண்டு என்பார்கள், வண்டி மாடல் மாதிரி. உன் முதல் கேசட் மார்க் ஒன்று. ராட் எவன்ஸ் பாட்டு, நிக் சிம்பர் பாஸ் கிட்டார், பிளாக்மோர் கிட்டார், ஜான் லார்ட் ஆர்கன், இயன் பெய்ஸ் டிரம். அந்த "நா நா நா" பாட்டு 'ஹஷ்', அமெரிக்காவில் 4ஆம் இடம் வரை போனது. அவர்கள் எழுதியது இல்லை, ஜோ சவுத் என்பவருடையது. ஒன்றரை வருடத்தில் மூன்று ஆல்பம் போட்டார்கள். பிறகு லார்டும் பிளாக்மோரும் இன்னும் கனமாக வாசிக்க வேண்டும், இந்த இதமான குரல் அதைத் தாங்காது என்று முடிவு செய்து, எவன்ஸ், சிம்பர் இருவரையும் அனுப்பிவிட்டார்கள். சிம்பருக்குத் தெரியாமலே புது ஆட்களோடு ஒத்திகை நடந்தது. கல்யாணம் முடிவதற்குள் அடுத்த பெண் பார்த்த கதை.

1969 இல் எபிசோட் சிக்ஸ் என்ற குழுவிலிருந்து இயன் கில்லனும் ராஜர் குளோவரும் வந்து சேர்ந்தார்கள். அதுதான் மார்க் இரண்டு, உன் இரண்டாவது கேசட். 'மேட் இன் ஜப்பான்'. 1972 ஆகஸ்டில் ஒசாகாவிலும் டோக்கியோவிலும் மூன்று நாள் வாசித்ததைப் பதிந்து போட்டார்கள். இரண்டு இசைத்தட்டு, ஏழே பாட்டு, மொத்தம் 76 நிமிடம் இருக்கும், 90 நிமிட டேப்பில் கச்சிதமாக அடங்கும், அதனால்தான் எங்கள் காலத்தில் எல்லார் வீட்டிலும் அது இருந்தது. உன் பொண்ணைப் பயமுறுத்தியது 'சைல்ட் இன் டைம்'. நாதஸ்வரம் மாதிரி என்றாயே, அது 'ஸ்ட்ரேஞ்ச் கைண்ட் ஆஃப் வுமன்'. இருபது நிமிடம் ஓடுவது 'ஸ்பேஸ் ட்ரக்கின்'. நீ உவமை சொன்னதே போதும், கேட்காமலே கண்டுபிடித்துவிட்டேன்.

இதற்கு முந்தின வருடக் கதையைச் சொல்லாமல் போக மனமில்லை. 1971 டிசம்பரில் சுவிட்சர்லாந்தில் மோன்ட்ரோ என்ற ஏரிக்கரை ஊருக்கு ஆல்பம் பதியப் போனார்கள். அங்கே கேசினோ கட்டடத்தில் பதிவதாக ஏற்பாடு. 4ஆம் தேதி அதே இடத்தில் ஃபிராங்க் ஜாப்பா கச்சேரி, பார்க்க வந்தவன் எவனோ கூரையைப் பார்த்து வாணத் துப்பாக்கியைச் சுட, கட்டடம் முழுக்க எரிந்து போனது. ஏரி மேல் புகை படர்வதை இவர்கள் ஓட்டலிலிருந்து பார்த்தார்கள். 'ஸ்மோக் ஆன் த வாட்டர்' என்கிற பெயர் அங்கிருந்து வந்தது. இடம் போச்சா, ஊரில் குளிர்காலத்துக்கு மூடிக் கிடந்த கிராண்ட் ஓட்டலைப் பிடித்து, தாழ்வாரத்தில் மெத்தைகளை அடுக்கிச் சத்தத்தை அடக்கி, வெளியே ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் பதிவு லாரியை நிறுத்தி 'மெஷின் ஹெட்' ஆல்பத்தை முடித்தார்கள். வாசித்ததைக் கேட்டுப் பார்க்க வேண்டுமானால் அறை, பால்கனி, படிக்கட்டு எல்லாம் சுற்றி லாரிக்குப் போக வேண்டும். சோம்பேறித்தனத்தில் போகாமலே "நல்லா வந்திருக்கு, அடுத்தது" என்று போய்விடுவார்களாம். இன்றைக்கு ஊரில் கிட்டார் வாங்குகிற பையன்கள் எல்லாரும் முதலில் வாசிப்பது அந்த நாலு சுரம்தான்.

நல்லா ஓடுகிற வண்டிதான் சீக்கிரம் தேயும். பிளாக்மோரும் கில்லனும் பேசிக்கொள்வதில்லை. 1973 ஜூனில் அதே ஒசாகாவில் கடைசிக் கச்சேரி, கில்லனும் குளோவரும் வெளியே. உள்ளே வந்தவர்கள் டேவிட் கவர்டேல், கிளென் ஹியூஸ். கவர்டேல் அப்போது துணிக்கடையில் வேலை செய்துகொண்டு உள்ளூர்க் குழுக்களில் பாடிக்கொண்டிருந்த பையன், வயது 21. ஹியூஸ் பாஸ் வாசித்துக்கொண்டே உச்சத்தில் பாடுவார். உனக்குப் பெண் குரலாகக் கேட்டவர் அவர்தான். இது மார்க் மூன்று, மூன்றாவது கேசட், 1974 இல் வந்த 'பர்ன்'.

அடுத்து 'ஸ்டார்ம்பிரிங்கர்'. அதில் ஃபங்க் என்கிற ஆட்டப் பாட்டு வாடை கூடிவிட்டது என்று பிளாக்மோரே கிளம்பிவிட்டார், 1975. அமெரிக்கக்காரர் டாமி போலின் வந்தார், ஒரே ஆல்பம், 'கம் டேஸ்ட் த பேண்ட்'. அந்த மார்க் நாலுதான் 1975 டிசம்பரில் நம் பக்கமாக ஜகார்த்தா வரை வந்தது. வந்தது கேடாக முடிந்தது. சொன்ன கூட்டத்தை விடப் பல மடங்கு கூட்டம், போலீஸ் நாயை அவிழ்த்துவிட்டது, குழுவோடு வந்த உதவியாள் ஒருவர் ஓட்டலில் லிஃப்ட் குழியில் விழுந்து இறந்தார், ஹியூஸை ஒரு ராத்திரி லாக்கப்பில் வைத்தார்கள். 1976 மார்ச்சில் லிவர்பூலில் வாசித்துவிட்டுக் கடையைக் கட்டினார்கள். அந்த வருடம் டிசம்பர் 4 அன்று போலின் போதையில் இறந்தார். வயது 25. மோன்ட்ரோ கேசினோ எரிந்ததும் டிசம்பர் 4, கவனித்தாயா.

அதற்கப்புறம் சுருக்கமாகச் சொல்கிறேன், கை வலிக்கிறது. 1984 இல் மார்க் இரண்டு ஆட்களே மறுபடி சேர்ந்து 'பர்ஃபெக்ட் ஸ்ட்ரேஞ்சர்ஸ்'. 1989 இல் கில்லனை அனுப்பிவிட்டார்கள், ஜோ லின் டர்னர் ஒரு ஆல்பம் பாடினார், 1992 இல் கில்லன் மறுபடி உள்ளே. 1993 நவம்பரில் ஹெல்சிங்கியில் வாசித்துவிட்டு பிளாக்மோர் ஒரேயடியாகப் போய்விட்டார். ஜப்பான் டிக்கெட் எல்லாம் விற்றாகிவிட்டது, அவசரத்துக்கு ஜோ சாட்ரியானியைக் கூப்பிட்டு ஓட்டினார்கள். 1994 இலிருந்து ஸ்டீவ் மோர்ஸ், 28 வருடம் இருந்தார், மனைவியின் நோய் காரணமாக 2022 இல் விலகினார். இப்போது சைமன் மெக்பிரைடு, 'மெஷின் ஹெட்' வந்தபோது இவர் பிறக்கவே இல்லை. ஆர்கனில் 2002 இலிருந்து டான் ஏரி.

ஒரே ஒருவர் மட்டும் 1968 இலிருந்து இன்றுவரை இடத்தை விட்டு நகரவில்லை. டிரம் வாசிக்கிற இயன் பெய்ஸ். இடதுகைக்காரர். உன் முதல் மூன்று கேசட்டிலும் குரலை விட்டுவிட்டு டிரம்மை மட்டும் கேள், ஒரே கை என்று தெரியும்.

நாலாவது கேசட்டில் அந்தக் கை இல்லை. அது டீப் பர்ப்பிளே இல்லை, தம்பி. டீப் பர்ப்பிளை விட்டுப் போன பிளாக்மோர் ஆரம்பித்த ரெயின்போ. ஆல்பம் 'ரைசிங்', 1976. ராஜா வேஷம் என்றாயே, அவர் ரானி ஜேம்ஸ் டியோ, ஆள் குள்ளம், குரல் கோபுரம். டிரம் கோசி பவல். வயலின் கூட்டம் மியூனிக் ஊர் பில்ஹார்மானிக். இரண்டு நீளப் பாட்டும் அந்தத் தட்டின் இரண்டாம் பக்கம், 'ஸ்டார்கேசர்', 'எ லைட் இன் த பிளாக்', ஒவ்வொன்றும் எட்டு நிமிடத்துக்கு மேல். மாமா ஏன் அதை "டி.பி. 4" என்று எழுதினார் என்று அவரிடமே கேள்.


பெகு பாஸ் எழுதியது:

கிழவன் அண்ணே, எல்லாம் சரி, முடிவில்தான் கோளாறு. டிரம்காரர் இருந்துவிட்டால் குழு அதுவாகிவிடுமா? தூண் நிற்கிறது, அதனால் கோயில் என்கிறீர்கள். சாமி எங்கே? பிளாக்மோர் இல்லாத டீப் பர்ப்பிளை நான் கேட்பதில்லை. மாமா எழுதியதில் தப்பே இல்லை என்பேன். சாமி எங்கே போனதோ அங்கே மாலை.

நம் ஊரையே பாருங்கள். பர்மிய ராக் குழு அயர்ன் கிராஸில் லேபியூ பாடுவார், ஆங்கே என்பவர் பாடுவார், மியோஜி பாடுவார், ஒய்வைன் பாடுவார். மேடையில் மைக் கை மாறிக்கொண்டே இருக்கும், பின்னால் சிட் சான் மாங் கிட்டார் அதே இடத்தில் நிற்கும். பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழா மேடையில் அரை கிலோமீட்டர் தள்ளி நனைந்துகொண்டு நின்றாலும் யார் பாடுகிறார் என்று தெரிவதற்கு முன்னாலேயே யார் குழு என்று தெரிந்துவிடும். பாடகர் மாறினால் குழு மாறாது, கிட்டார் மாறினால் மாறும்.

நானே பாஸ் வாசிக்கிறவன், என் சொந்த வாத்தியத்துக்கு எதிராகச் சொல்கிறேன், அதனால் நம்பலாம்.


மோகல் தெரு கிழவன் எழுதியது:

தம்பி பெகு, சாமி கிளம்பிப் போய் இப்போது மனைவியோடு சேர்ந்து மத்திய காலத்து உடுப்புப் போட்டுக்கொண்டு நாட்டுப்பாட்டு வாசிக்கிறது, 1997 இலிருந்து. அதையும் டி.பி. என்று எழுதுவாயா? மோர்ஸ் இருந்தது 28 வருடம். பிளாக்மோர் இரண்டு தடவையையும் கூட்டினால் 17 வருடம்கூட வராது.

பெயர் யாருக்கு என்கிற சண்டை கோர்ட்டுக்கே போயிருக்கிறது, அதைச் சொல்ல மறந்தேன். குழு கலைந்து கிடந்த 1980 இல், முதல் கேசட்டில் இதமாகப் பாடினாரே ராட் எவன்ஸ், அவரை ஒரு கம்பெனி பிடித்து, யாரென்றே தெரியாத நாலு பேரைப் பின்னால் நிறுத்தி, டீப் பர்ப்பிள் என்று போஸ்டர் ஒட்டி அமெரிக்கா, மெக்சிகோ என்று கச்சேரி நடத்தினார்கள். 'ஸ்மோக் ஆன் த வாட்டர்' கேட்க வந்த ஜனம் நாற்காலியை உடைத்த ஊர்களும் உண்டு. வழக்கில் 6,72,000 டாலர் நஷ்ட ஈடு, கூடவே எவன்ஸுக்கு முதல் மூன்று ஆல்பத்திலிருந்து வந்துகொண்டிருந்த பங்குப் பணமும் போனது. அதற்குப் பிறகு மனிதர் பொது இடத்தில் தலைகாட்டவே இல்லை. மாமாவின் முதல் கேசட்டைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் குரல் மேல் ஒரு பரிதாபம் வரும். நல்ல குரல்தான்.


ஆர்கன் அக்கா எழுதியது:

இரண்டு பேரும் கிட்டார், டிரம் என்று மோதிக்கொள்கிறீர்கள், நடுவில் ஆர்கன் கேட்கவே இல்லையா?

நான் ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசையில் கீபோர்டு வாசிக்கிறவள், ராக் எனக்குத் தம்பி மூலமாக வந்தது. இரண்டாவது கேசட்டில் கிட்டார் மாதிரியே உறுமுகிற ஒரு சத்தம் வரும், பாதிப் பேர் அதைக் கிட்டார் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது ஜான் லார்ட். ஹாமண்ட் ஆர்கனுக்கு லெஸ்லி என்று சுழலும் ஸ்பீக்கர் பெட்டி உண்டு, கோயில் பாட்டுக்கு அந்த அலையடிப்பு அழகாக இருக்கும். லார்ட் அந்தப் பெட்டியோடு நிற்காமல், கிட்டார்காரர்கள் வைத்துக்கொள்கிற மார்ஷல் ஆம்ப்ளிஃபயரில் ஆர்கனைச் செருகிவிட்டார். சத்தம் கிழியும், உறுமும். கிட்டாருக்கு ஈடாக ஆர்கன் மல்லுக்கு நின்றது அதனால்தான். தம்பி, 'மேட் இன் ஜப்பான்' முதல் பாட்டில் கிட்டார் தனி ஆவர்த்தனத்துக்கு முன்னால் ஆர்கன் தனி ஆவர்த்தனம் வரும், விரல் ஓடுவதைக் கேளுங்கள், பாதி பாக் என்கிற பழைய ஜெர்மன் மேதையின் வாசிப்பு, பாதி சண்டை.

இன்னொன்று, உங்கள் கேசட் வேலைக்குப் பொருத்தமாக. 1969 செப்டம்பரில் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் இந்தக் குழுவும் ராயல் பில்ஹார்மானிக் இசைக்குழுவும் சேர்ந்து லார்ட் எழுதிய கான்செர்ட்டோவை (இரண்டு பக்கமும் சேர்ந்து வாசிக்கிற பெரிய உருப்படி) வாசித்தார்கள், நடத்தியவர் மால்கம் ஆர்னால்டு. அடுத்த வருடமே அந்த ஸ்வரக் காகிதக் கட்டு தொலைந்துவிட்டது. முப்பது வருடம் யாரும் வாசிக்க முடியவில்லை. நெதர்லாந்துக்காரர் ஒருவர், மார்கோ தெ ஹூயி என்று பெயர், பழைய பதிவைக் கேட்டுக் கேட்டு, வீடியோவில் வயலின்காரர் விரலைப் பார்த்துப் பார்த்து, ஒவ்வொரு வாத்தியத்துக்கும் உரியதை மறுபடி எழுதிக்கொண்டு போய் லார்டிடம் கொடுத்தார். 1999 செப்டம்பரில் அதே ஹாலில் மறுபடி வாசித்தார்கள். நான் ஒரு கீர்த்தனையைக் கேட்டு எழுதவே மூன்று ஞாயிறு ஆகும், இவர் முழு இசைக்குழுவுக்கும் எழுதியிருக்கிறார்!

லார்ட் 2012 இல் போய்விட்டார். அதற்கப்புறம் நானும் பெகு அண்ணன் மாதிரிதான், புது ஆல்பங்களைக் கேட்பேன், ஆனால் பாதி மனதோடு.


டேப் ரிப்பேர் எழுதியது:

குழு சண்டையில் நான் இல்லை. அந்தத் தடித்த குரல் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே.

கவர்டேல் குரல் நிஜமாகவே கனம்தான், ஆனால் உங்கள் மெஷினும் மெதுவாகத்தான் ஓடுகிறது என்று நினைக்கிறேன். வருடக்கணக்கில் சும்மா கிடந்த டூ-இன்-ஒன்னில் ரப்பர் பெல்ட் தளர்ந்திருக்கும், தொட்டால் கையில் தார் மாதிரி ஒட்டும். கேசட் வினாடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓட வேண்டும், அதை அளக்கக் கருவி தேவையில்லை. 'பர்ன்' இரண்டாம் பக்கத்தில் கடைசிக்கு முந்தின பாட்டு 'மிஸ்ட்ரீட்டட்', கவர்டேல் தனியாகப் பாடுவது. சரியான வேகத்தில் ஏழரை நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவாக வர வேண்டும். போனில் நேரம் பிடித்துப் பாருங்கள். எட்டு நிமிடத்தை நெருங்கினால் கிட்டத்தட்ட அரைச்சுரம் இறங்கியிருக்கிறது என்று அர்த்தம்.

கேசட்டை உள்ளே திறக்கும் முன் ஒன்று கவனியுங்கள். டேப் ஹெட்டில் அழுத்துகிற இடத்தில் சின்ன உலோகத் தகட்டில் ஒரு பஞ்சுத் துண்டு ஒட்டியிருக்கும். பழைய கேசட்டில் பசை காய்ந்து அது விழுந்திருக்கும், விழுந்தால் சத்தம் மங்கி இரைச்சல் மட்டும் பெரிதாக வரும். நாலாவது கேசட் மறுபக்கத்தில் வெறும் இரைச்சல் என்றீர்கள். முதல் பக்கம் நன்றாகக் கேட்டதால் பஞ்சு இருக்கிறது, அப்படியானால் அந்தப் பக்கத்தில் பதிவே தாமதமாக ஆரம்பித்திருக்கலாம். ஓடவிட்டுப் பாருங்கள். வேகமாகச் சுற்றாதீர்கள், டேப் ஒட்டிக்கொண்டிருந்தால் அறுந்துவிடும். பென்சிலைச் செருகி ஒரு தடவை கையால் முழுக்கச் சுற்றிவிட்டுப் போடுங்கள்.


சிரியம் மருமகன் எழுதியது:

பத்து நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும், வீடு மாற்றுகிற அலைச்சல்.

ரிப்பேர் அண்ணன் சொன்ன மாதிரி நேரம் பிடித்தேன், 7 நிமிடம் 52 வினாடி. பின்மூடியைக் கழற்றினால் பெல்ட் உண்மையிலேயே தார்தான், இரண்டு நாள் விரலில் கறுப்பு போகவில்லை. பழைய ரேடியோ விற்கிற கடை ஒன்றில் புது பெல்ட் வாங்கிப் போட்டேன், இப்போது 7:27. கவர்டேல் பாதாளத்திலிருந்து தரைக்கு வந்துவிட்டார், ஆனாலும் கனம் கனம்தான். டிரம்மை மட்டும் கேட்கச் சொன்னீர்களே கிழவன் அண்ணே, மூன்றிலும் கேட்டேன், முதலில் ஒன்றும் புரியவில்லை. அப்புறம் மூன்றாவது கேசட் முதல் பாட்டில் பாட்டு ஓடும்போதே அவர் பாட்டுக்கு உருட்டிக்கொண்டே போகிறாரே, அங்கே பிடிபட்டது. அதே ஆள்தான்.

நாலாவது கேசட் மறுபக்கத்தை ஓடவிட்டேன். நாலு நிமிடம் இரைச்சல், அப்புறம் "ஓடுதா? ஓடுதா?" என்று தமிழில் ஒரு குரல். அதற்குப் பின்னால் கிட்டார், யாரோ தகரத்தில் அடிக்கிற மாதிரி டிரம், பர்மிய வார்த்தையில் பாட்டு. மெட்டு எனக்கே தெரிந்துவிட்டது, இரண்டாவது கேசட்டில் புகை பற்றிய அந்தப் பாட்டு. நடுவில் நாய் குரைக்கிறது. ஒரு பெண் குரல் "சாப்பாடு ஆறுது" என்கிறது, அது என் பாட்டி.

போன ஞாயிற்றுக்கிழமை மெஷினைத் தூக்கிக்கொண்டு மாமா முன்னால் வைத்துப் போட்டேன். காதைப் பெட்டியோடு ஒட்டிக் கேட்டார். 'ரைசிங்' பற்றிக் கேட்டதற்கு, "கிட்டார்காரன் வேற வீட்டுக்குக் குடி போனா அவன் பேரு மாறிடுமா" என்றார், பெகு அண்ணே, உங்கள் கட்சி. உங்கள் குழுவுக்கு என்ன பெயர் மாமா என்றேன். பெயர் வைக்கவே இல்லையாம், ஒவ்வொரு தண்ணீர்த் திருவிழாவுக்கும் ஆள் வேறு, ஒருவர் கப்பலுக்குப் போனார், ஒருவர் மெட்ராஸுக்கே போய்விட்டார், டிரம் அடித்தவர் கல்யாணத்துக்குப் பிறகு வரவில்லை. பாடுகிறது யார் என்றதற்கு விரலை மடக்கி மூன்று பேர் சொன்னார், மூன்றில் யார் என்று அவருக்கே நிச்சயமில்லை.

பாட்டு முடிகிற வரை கேட்டார். அப்புறம் மெஷினை நிறுத்தச் சொல்லி, "பாஸ் சுருதி சேரலை" என்றார். பாஸ் யார் மாமா என்றேன். "நான்தான்" என்றார்.


பெகு பாஸ் எழுதியது:

அந்தப் பக்கத்தை உடனே போனில் பதிந்து வை, தம்பி. மாமாவின் பாஸையும் கேட்க வேண்டும், எவ்வளவு சேரவில்லை என்று நான் சொல்கிறேன்.